அந்தப் பச்சைக் கம்பி எங்கே போய் முடிகிறது?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் என் பாட்டியின் வீடு இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல காலமாகிவிட்டது. அந்த வீட்டுக் குசினியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர் கிடக்கும். யார் துணி போடப் போனாலும் அதைக் காலில் மாட்டிக்கொண்டுதான் மூடியைத் தொட வேண்டும். மறந்தால் விரல் நுனியில் கட்டெறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கும்.

சின்ன வயதில் இதை நான் ஒரு விசித்திரமாகவே நினைத்ததில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சில பழக்கங்கள் உண்டு, எங்கள் வீட்டுப் பழக்கம் இது என்று இருந்துவிட்டேன். பாட்டியிடம் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, ஈரத்துல நின்னா அப்படித்தான் இருக்கும். செருப்பப் போட்டுக்க" என்பார்.

இப்போது நான் மின் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கட்டட மின்சேவைகள் என்ற பாடத்தில் எர்த் பற்றி விரிவுரையாளர் பேசிய அன்று எனக்கு அந்தச் சிலிப்பர்தான் ஞாபகம் வந்தது. "ஒண்ணுமில்லை" என்று பாட்டி சொன்னது சரியில்லை, ஏதோ இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

மலாய்மொழியில் இதற்குப் 'பெம்பூமியான்' என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தபோது, அதற்குள் நம்முடைய 'பூமி' உட்கார்ந்திருப்பதை நான் கவனிக்கவில்லை. பூமியோடு சேர்த்துவிடுவது, அவ்வளவுதான் பொருள். தமிழில் நிலத்தொடர்பு என்றும் புவித்தொடுப்பு என்றும் எழுதுகிறார்கள். நம் வீடுகளில் எர்த் என்றால்தான் புரியும், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு பிளக்கைப் பாருங்கள். மூன்று கால் இருக்கும். இரண்டு கால்கள் வழியாக மின்சாரம் போய்த் திரும்புகிறது. மேலே இருக்கிற நீளமான மூன்றாவது காலில் சாதாரண நேரத்தில் பெயர் சொல்லும்படி எதுவும் ஓடுவதில்லை. அதனால்தான் பலருக்கு அது வேண்டாத கால் போலத் தெரிகிறது. இரண்டு கால் பிளக்கைச் செருக வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? பேனா மூடியையோ ஒடிந்த குச்சியையோ எர்த் ஓட்டையில் குத்தித் திறப்பை விலக்கிவிட்டுச் செருகுகிறோம். நானும் செய்திருக்கிறேன். ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், சுடுநீர்க் கருவி போன்றவற்றின் இரும்பு உடம்பு அந்த மூன்றாவது காலோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பச்சைக் கம்பி சுவருக்குள் ஓடி, மீட்டர் பக்கத்துப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வெளியே வந்து, மண்ணில் அடித்த ஒரு செம்புப் பூச்சுள்ள இரும்புக் குச்சியில் முடிய வேண்டும். உள்ளே ஒரு கம்பி தேய்ந்து இரும்பைத் தொட்டுவிட்டால், மின்சாரம் நம் உடம்பைத் தேடாமல் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போக வேண்டும். இதுதான் ஏற்பாடு.

சில நாடுகளில் மின் நிறுவனமே எர்த்தையும் கம்பியில் சேர்த்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தரும். நம் நாட்டில் சாதாரண வீட்டுக்கு அப்படி இல்லை. தெனாகா தன் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் தனியாக எர்த் போட்டுக்கொள்கிறது. வீட்டுக்காரர் தன் வீட்டுக்குத் தனியாகக் குச்சி அடித்துக்கொள்ள வேண்டும். பழுது வந்தால் மின்சாரம் உங்கள் குச்சி வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே நடந்து, டிரான்ஸ்ஃபார்மர் குச்சிக்குப் போய்ச் சேரும். உங்கள் முற்றத்து மண்ணும் மின்சுற்றின் ஒரு பகுதி. அந்த மண்ணை யாரும் பரிசோதித்துக் கொடுப்பதில்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நம் பொறுப்பு.

போன விடுமுறையில் என் மாமா ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். மாமா எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாடம் படிக்கிறேன் என்பதற்காக நானே பெட்டியைத் திறந்திருந்தால் அது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. நான் டார்ச் பிடித்தேன், கம்பி இழுத்தேன், எண்களை எழுதினேன்.

முதலில் குச்சியைத் தேடினோம். கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்து வெளியே வந்த பச்சைக் கம்பி சுவர் ஓரமாக இறங்கிச் சிமெண்டுக்குள் மறைந்தது. குசினியைப் பின்னால் நீட்டிக் கட்டியபோது குச்சி இருந்த இடம் தரைக்கு அடியில் போய்விட்டது. அது போனாலும் பரவாயில்லை, கம்பி அதோடு சேர்ந்திருந்தால். ஆனால் வேலை செய்தவர்கள் கம்பியை வெட்டிவிட்டு, முனையைச் சிமெண்டில் புதைத்துப் பூசியிருந்தார்கள். அளவுக்கருவி காட்டிய எதிர்ப்பு அதன் எல்லையைத் தாண்டியது. அதாவது எர்த்தே இல்லை. மேலே ஓடு பதித்து அழகாக முடித்திருந்தார்கள். பதினோரு ஆண்டு யாருக்கும் தெரியவில்லை.

பிறகு மாமா இ.எல்.சி.பி.யைப் பார்த்தார். மின்சாரம் கசிந்தால் நொடிக்குள் துண்டிக்கிற சாதனம் அது. மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று பாட்டி முறையிட்டிருக்கிறார். யாரோ வந்து, அதைத் தாண்டி நேராகக் கம்பியை இணைத்துவிட்டு, "இனிமே விழாது" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் சொன்னது உண்மை. அதன் பிறகு அது விழவே இல்லை. விழுந்ததற்கு உண்மையான காரணம் வாசலில் தண்ணீர் புகுந்த ஒரு விளக்கு.

சரி, அந்தக் கட்டெறும்புக் கடி? அதற்கு இயந்திரத்தில் பழுதே வேண்டியதில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்போதைய இயந்திரங்களுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று உயிர்க் கம்பிக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில். எர்த் இருந்தால் அவற்றின் வழியாகக் கசிகிற மிகச் சிறிய மின்சாரம் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் இயந்திரத்தின் உடம்பு, 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்க ஆரம்பிக்கும். ஓடக்கூடிய மின்சாரம் மிகக் குறைவு என்பதால் கடியோடு போகிறது. ஆனால் அந்தக் கடி சொல்கிற செய்தி பெரியது: உன் பச்சைக் கம்பி எங்கேயும் போய்ச் சேரவில்லை. நாளைக்கு உள்ளே ஒரு கம்பி உண்மையாகவே இரும்பைத் தொட்டால், மண்ணுக்குப் போகும் ஒரே வழி ஈரத் தரையில் நிற்கிற என் பாட்டிதான். நனைந்த உடம்பின் எதிர்ப்பை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லியம்பியர். 30 மில்லியம்பியரே தொடர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து என்றுதான் அந்த அளவில் துண்டிப்பான்கள் செய்கிறார்கள்.

பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வந்ததாம். மாலையில் போடுவார்கள், இரவில் நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு விளக்கு. இரண்டே கம்பி. அதற்கு முன்னால் மண்ணெண்ணெய் விளக்கு. பேராக்கில் மின்சாரத்துக்குப் பஞ்சமா என்றால், இல்லை. பேராக் ஆற்றில் செண்டரோ அணை மின் நிலையம் 1930இலேயே வந்துவிட்டது. ஆனால் அது முக்கியமாகக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக வந்தது. அதற்கும் முன்னால், 1894இல், ராவாங்கில் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோயிலோடு சேர்த்து நாம் பெயர் சொல்கிற அதே பிள்ளைதான். இந்த நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒரு தமிழர் இருக்கிறார். லயத்துத் தமிழர்களுக்கு அது வந்துசேரத்தான் நெடுநாளாயிற்று.

விளக்கு மட்டும் எரிந்த வீட்டில் எர்த் இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது. விளக்கை யாரும் ஈரக் கையால் கட்டிப்பிடிப்பதில்லை. பிறகு ஐஸ்பெட்டி வந்தது, துணி துவைக்கும் இயந்திரம் வந்தது, குளியலறையில் சுடுநீர்க் கருவி வந்தது. இரும்பும் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தன. வீட்டுக்குள் வந்த சாமான் மாறிய வேகத்துக்குச் சுவருக்குள் இருந்த கம்பி மாறவில்லை. சில வீடுகளில் ஒரு காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தினார்கள். குழாய் பிளாஸ்டிக்காக மாறிய நாளில் அந்த எர்த்தும் போய்விட்டது. தண்ணீர் வேலை பார்க்க வந்தவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை, வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈப்போக்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. குச்சி அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர் குச்சி ஒன்றைச் சுமாரான ஈர மண்ணில் அடித்தால் என்ன எதிர்ப்பு வரும் என்று பாடத்தில் ஒரு கணக்குப் போட்டோம். மண்ணின் மின்தடை 100 ஓம் மீட்டர் என்று வைத்தால் விடை ஏறக்குறைய 60 ஓம். வயர்மேன்கள் இங்கே வழக்கமாக எட்டப் பார்க்கிற அளவு 10 ஓம். ஒரு குச்சி அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. காய்ந்த மணலில் மண்ணின் மின்தடை 1000 ஓம் மீட்டரைத் தாண்டும். அங்கே அதே குச்சி 600 ஓம் காட்டும். கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனை தாமான்கள் பழைய ஈயச் சுரங்கத்து மணல் மேட்டின்மேல் நிற்கின்றன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மணல் இல்லாத இடத்தில் சுண்ணாம்புப் பாறை. நாலடி போனதும் 'டங்' என்று குச்சி நின்றுவிடும். மிச்சத்தை அறுத்துப்போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

கணக்கில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. குச்சியை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் 60 ஓம் 52 ஓமாகத்தான் குறையும். இரண்டு மடங்கு நீளமாக்கினால் 34 ஓமுக்கு வந்துவிடும். ஆழத்தில் ஈரம் அதிகம் என்பதால் நடைமுறையில் இன்னும் குறையலாம். தடிமனான குச்சியைக் காட்டி "இது நல்ல குச்சி" என்று யாராவது விலை பேசினால் ஏமாறாதீர்கள். அதேபோல் இரண்டு குச்சியை ஒரு சாண் இடைவெளியில் அடித்தால் பயனில் கணிசமான பங்கு வீண். குச்சியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

பாட்டி வீட்டு முற்றத்தில் முதல் குச்சி 46 ஓம் காட்டியது. அதன் தலையிலேயே இன்னொன்றைத் திருகிச் சேர்த்து அடித்து மூன்று மீட்டராக்கினோம், 22 ஆனது. நாலு மீட்டர் தள்ளி அதே மாதிரி இன்னொன்று, 12. மூன்றாவது இடத்தில் அடித்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது, அளவு 9. மாமாவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அன்று மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது நல்லதுக்குத்தான். மழை பெய்த மறுநாள் அளந்தால் எந்தக் குச்சியும் நல்ல பிள்ளையாக நடிக்கும். எர்த்தைக் காய்ந்த நாளில் அளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வேறு முறை. அங்கே குழி தோண்டிக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். கோடையில் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. உப்பு எதிர்ப்பைக் குறைக்கும், ஆனால் நாளடைவில் இரும்பையும் தின்னும். அமெரிக்காவில் இன்னொரு முறை. ஒரு குச்சி 25 ஓமுக்குள் வரவில்லை என்றால் இரண்டாவதை அடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் விதி. அங்கே நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுப் பெட்டியிலேயே இணைத்துவிடுவதால், பழுது மின்சாரம் மண் வழியாக இல்லாமல் கம்பி வழியாகவே திரும்பிப் போகிறது. யூடியூப் பார்த்துப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காணொளியைப் பார்த்து இங்கே வீட்டில் நியூட்ரலோடு எர்த்தை முடிச்சுப் போட்டால், வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் வீட்டில் உள்ள இரும்புச் சாமான் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறிவிடும்.

அமெரிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க விஷயமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசோனாவின் வறண்ட மண்ணில் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு நல்ல எர்த் தேவைப்பட்டது. ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர் குச்சியை நம்பாமல் அத்திவாரச் சிமெண்டுக்குள் இருந்த இரும்புக் கம்பிகளையே எர்த்தாக ஆக்கினார். சிமெண்ட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மண்ணைப் பெரிய பரப்பில் தொடும். பல ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் நன்றாகவே இருந்தது. பாறையில் குச்சி இறங்காத ஈப்போவில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், அத்திவாரம் ஊற்றுவதற்கு முன்பே இதைப் பொறியாளரிடம் கேட்கலாம். ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

எர்த் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 10 ஓம் எர்த்தில் முழுப் பழுது வந்தாலும் ஓடுவது 23 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் துண்டிப்பான் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது, இரும்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் இ.எல்.சி.பி. கட்டாயம். 1994ஆம் ஆண்டு மின் ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கின்றன. தரை நனைய வாய்ப்புள்ள இடத்துக்கு 10 மில்லியம்பியர், கையில் பிடிக்கிற சாதனங்களுக்கு 30, மற்றவைக்கு 100. சுடுநீர்க் கருவிக்குத் தனியாக 10 மில்லியம்பியர் இருக்கிறதா என்று உங்கள் வீட்டில் போய்ப் பாருங்கள்.

இ.எல்.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாமே என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். எர்த் இல்லாத வீட்டில் அது, பழுது வந்த உடனே விழாது. யாராவது தொட்ட பிறகுதான் விழும். முதல் அடியை வாங்க ஓர் ஆள் வேண்டும். எர்த் இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். அந்தச் சாதனத்தில் உள்ள சோதனைப் பொத்தானைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எல்லாம் சரி என்று நினைக்கிறோம். அந்தப் பொத்தான் சாதனத்தின் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்கு அது அழகாக விழும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், நல்லது. ஆனால் அது எர்த்துக்கான சான்றிதழ் இல்லை.

இவ்வளவு ஆண்டு எதுவும் ஆகவில்லையே என்று பாட்டி வீட்டுப் பக்கத்தில் ஒருவர் கேட்டார். ஆகவில்லைதான். செருப்பும் காய்ந்த தரையும் அதிர்ஷ்டமும் சேர்ந்து காப்பாற்றியிருக்கின்றன. அதில் நாம் ஏற்படுத்திக்கொண்டது சிலிப்பர் ஒன்றுதான்.

என் உண்மையான கோபம் வேறு இடத்தில். பாட்டி வீடு சொந்த நிலத்துக்கு மாறிய வீடு, அதனால் மாமா துணிந்து கை வைத்தார். அதே தோட்டத்தில் பழைய லய வரிசை ஒன்று இன்னும் இருக்கிறது. வேலை செய்பவர்களுக்குத் தரப்படும் குடியிருப்பில் தண்ணீர், மின்சாரம் சரியாக இருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் வேலை நின்று, நிலம் கைமாறி, மாற்று வீடு வரும் வரும் என்று காத்திருப்பவர்களின் வீட்டுக்கு யார் முதலாளி? "வீடு எங்களுடையது இல்லை, நாங்கள் எப்படிச் செலவு செய்வது" என்கிறார்கள் குடியிருப்பவர்கள். "இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு" என்கிறது மறுபக்கம். இரண்டு பதிலுக்கும் நடுவில் பச்சைக் கம்பி தொங்கிக்கொண்டிருக்கிறது. நில உரிமை வழக்கு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நடக்கட்டும். குளியலறையில் நிற்கிற பிள்ளையின் பாதுகாப்பை அந்த வழக்கோடு சேர்த்துக் கட்டக் கூடாது. தீபாவளிக்குத் தீபாவளி இந்த லயங்களுக்கு அரிசியும் எண்ணெயும் பொட்டலமாக வருகின்றன. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஒரே ஓர் ஆண்டு பொட்டலத்தோடு ஒரு வயர்மேனையும் அனுப்புங்கள்.

பாட்டி வீட்டுக்கு ஆன செலவைச் சொல்லிவிடுகிறேன். குச்சிகள், இறுக்கிகள், கம்பி, புதிய இ.எல்.சி.பி. எல்லாம் சேர்த்துச் சாமான் செலவு 400 வெள்ளிக்குள். கூலி, மாமாவுக்கு மீன் குழம்பு. கூலியையும் சேர்த்தால் கூடும்தான். ஆனால் அதே வீட்டில் குசினிக்கு ஓடு பதிக்க எவ்வளவு செலவானது என்று எனக்குத் தெரியும்.

கோயில்களிலும் இதே நிலைதான். திருவிழாவுக்கு வண்ண விளக்குத் தோரணம் கட்டுகிறோம், ஈரத் தரையில் பக்தர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். செருப்பு என்ற கடைசிக் காவலையும் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். பொதுக் கேளிக்கை இடங்களுக்கு 10 மில்லியம்பியர் பாதுகாப்பு வேண்டும் என்று அதே 1994 ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. கோயில் அந்தக் கணக்கில் வருமா வராதா என்று சட்டம் பேசிக்கொண்டிருக்காமல், ஈரத்தரை என்ற ஒரு காரணத்துக்காகவே அதைப் போட்டுவிடலாம். தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசிப் 11 பேர் இறந்தார்கள். அந்த விபத்தை எந்த எர்த் குச்சியும் தடுத்திருக்காது, அது வேறு. நான் சொல்ல வருவது, மின்சாரம் கோயில் என்று பார்ப்பதில்லை. நம் கோயில் கூட்டங்களில் விளக்குக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறோம். மின்வேலை முடிந்தால் வயர்மேன் கையெழுத்திட்டுத் தர வேண்டிய பாரம் ஜி, பாரம் எச் எங்கே என்று கேட்ட ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஜி என்பது வேலை முறையாக முடிந்ததற்கு, எச் என்பது சோதனை செய்ததற்கு. எச் பாரம் இருந்தால் எர்த்தை யாரோ அளந்திருக்கிறார்கள் என்று பொருள்.

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல, தோட்டத்துக்குள் பிறந்தவை. முன்னாள் மாணவர் சங்கங்கள் கணினியும் குளிர்சாதனமும் வாங்கித் தருகின்றன. வாங்கித் தருகிற அன்றே அந்த வகுப்பறையின் எர்த்தையும் அளக்கச் சொல்லலாம். எங்களைப் போன்ற மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக் இருக்கிறது. கம்பாரிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மின் துறையில் படிக்கிற தமிழ் மாணவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறோம், இந்தியர் கழகம் என்ற பெயரில் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகிறோம். ஒரு சனிக்கிழமை ஒரு லய வரிசைக்குப் போகலாம். எதையும் திறக்க வேண்டாம், கழற்ற வேண்டாம். குச்சி கண்ணுக்குத் தெரிகிறதா, கம்பி அதோடு சேர்ந்திருக்கிறதா, இறுக்கி துருப்பிடித்திருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் விழுகிறதா, யாருக்காவது கட்டெறும்பு கடிக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி, ஒரு வயர்மேனிடம் கொடுத்தால் போதும். அவர் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். என் கழகத்தில் இதை எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பருவத்திலும் கேட்பேன்.

வேலை முடிந்த அன்று மாலை, பாட்டியை வெறுங்காலோடு இயந்திரத்தைத் தொடச் சொன்னோம். முதலில் மாமாவைத் தொடச் சொன்னார். பிறகு என்னை. பிறகு தானும் விரல் நுனியால் தட்டிப் பார்த்தார், முழுக் கையையும் வைத்தார். "ஒண்ணுமில்ல" என்றார். இந்த முறை அது சரி.

சிலிப்பர் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எடுத்துப்போட அவர் சம்மதிக்கவில்லை. புதிய குச்சிகளின் தலையைச் சுற்றி மட்டும், யாரும் சிமெண்ட் பூசிவிடக் கூடாது என்று செங்கல் அடுக்கிக் கொடுத்திருக்கிறார்.